சிறுநீரகம் பொருத்தியாயிற்று, பிறகு?

விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறுப்புகள் நான்கைந்து பேருக்குப் பொருத்தப்பட்டன என்ற செய்தி இன்று நம் நாளிதழ்களில் அபூர்வமானது அல்ல. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், மருத்துவர்களான பெற்றோர் இருவர் தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடையாக அளித்தபோது தமிழகமே கண்கலங்கியது. இறந்தோர் உறுப்புக் கொடைக்கான திட்டத்தைத் தமிழக அரசு முறைப்படுத்தியதும் அதே ஆண்டில்தான். உறுப்புக் கொடை அளித்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்ற அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்தது. 2024ஆம் ஆண்டில் தமிழகத்தில் இறந்தோர் 268 பேரின் உறுப்புகள் கொடையாகக் கிடைத்தன. திட்டம் தொடங்கியதிலிருந்து அதுவரை எந்த ஓர் ஆண்டிலும் இவ்வளவு பேர் கொடையளித்ததில்லை. இந்தியா முழுவதும் 2013இல் 5,000க்கும் குறைவாக இருந்த உறுப்பு மாற்று அறுவைகள் 2024இல் 18,900ஐத் தாண்டிவிட்டன. இவற்றில் பெரும்பகுதி சிறுநீரகம்தான்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இந்த எண்கள் எல்லாம் அறுவை நடந்த நாளன்று எடுக்கப்பட்ட கணக்கு என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். மருத்துவமனை வாசலில் பூங்கொத்துடன் நோயாளியை வழியனுப்பும் புகைப்படம் வெளியாகிறது. அதே நோயாளி ஒன்றரை ஆண்டு கழித்துக் கால் வீங்கி, பிரஷருக்கு நான்கு வகை மாத்திரை விழுங்கிக்கொண்டு, மீண்டும் டயாலிசிஸ் நாற்காலிக்குத் திரும்பினால் அது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. பெற்ற சிறுநீரகம் எத்தனை ஆண்டு உழைத்தது, அது ஏன் நின்றது, நிற்காமல் தடுத்திருக்க முடியுமா என்ற கேள்விகளை நாம் கேட்பதே இல்லை.

மாற்றுச் சிறுநீரகம் செயலிழக்கப் பல காரணங்கள் உண்டு. உடலின் எதிர்ப்பு ஆற்றல் அதை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கலாம். கிருமித் தொற்று வரலாம். மருந்துகளே காலப்போக்கில் அதைக் கெடுக்கலாம். பழைய நோய் திரும்பலாம். இக்கட்டுரை அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறுநீரகத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் ஒரே தமனியில் ஏற்படும் கோளாறு அது. ஏன் அதைத் தேர்ந்துகொண்டோம் என்றால், மற்றவற்றோடு ஒப்பிடும்போது இதைக் கண்டுபிடிப்பது எளிது, பல வேளைகளில் முழுமையாகச் சரிசெய்யவும் முடியும். அப்படியிருந்தும் இது கண்ணில் படாமல் போகிறது என்பதுதான் வேதனை.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். பழைய சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பார்கள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பொதுவாக அப்படிச் செய்வதில்லை. பழையவை இரண்டும் முதுகுப்புறத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே வைக்கப்படும். நோயாளி தன் கையை வைத்தால் அதைத் தொட்டுணர முடியும். காலுக்குச் செல்லும் பெரிய தமனியில் ஒரு துளையிட்டு, அதில் சிறுநீரகத் தமனியின் வாயைத் தைத்து இணைக்கிறார்கள். சிரையைச் சிரையோடும், சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையோடும் இணைக்கிறார்கள். தமனியின் விட்டம் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். முடியைவிட மெல்லிய நூலால் போடப்படும் அந்தத் தையலை நம்பித்தான் மீதி எல்லாமே.

இரத்தக்குழாயைத் தைக்கும் இக்கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1894ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றுக்குள் ஒரு பெரிய இரத்தக்குழாய் அறுபட்டுவிட்டது. அதைத் தைக்க அன்றைய அறுவை மருத்துவர்களுக்கு வழி தெரியாததால் அவர் இறந்துபோனார். அந்நகரில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அலெக்சிஸ் காரெல் என்ற இளம் மருத்துவரை இது உறுத்தியது. துணியைக் கிழிக்காமல் நுண்ணிய ஊசியால் தைக்கத் தெரிந்தவர்கள் பூவேலை செய்யும் பெண்கள்தானே என்று, லியோன் நகரின் கைத்தேர்ந்த தையற்கலைப் பெண்மணி ஒருவரிடம் போய் அவர் தையல் கற்றார். வட்டமான குழாயின் வாயை மூன்று முனைகளில் இழுத்துப் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அதற்காகவும் உறுப்பு மாற்று ஆய்வுகளுக்காகவும் 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. லூர்து நகருக்கு 1902இல் நோயாளிகளுடன் சென்று, அங்கு ஒரு பெண் குணமடைந்ததை நேரில் கண்டு தடுமாறிய அதே காரெல்தான் இவர். (மனித இனத்தைத் 'தரம் பிரிக்கும்' கொள்கைக்கு அவர் பின்னாளில் ஆதரவாக எழுதியதையும் மறைக்க வேண்டியதில்லை. நல்ல கைத்திறனும் தவறான கருத்தும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடும்.)

காரெலின் தையல் நாய்களிடம் வெற்றி பெற்றும் மனிதரிடம் பயன்பட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில், ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் கொடுத்தார். அறுவையைச் செய்த ஜோசப் மரே ஒரு கத்தோலிக்கர். நலமாக இருக்கும் ஒருவரின் உடலை, அவருக்கு எந்தப் பயனும் இல்லாத நிலையில், வெட்டலாமா என்ற அறநெறிக் கேள்வியை அவர் சமயத் தலைவர்களிடமும் கேட்டுத் தெளிந்த பிறகே கத்தியை எடுத்தார். ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மரேக்கு 1990இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடைபெற்றது.

இனி, அந்தத் தமனியில் என்னென்ன நேரலாம் என்று பார்ப்போம்.

முதல் ஆபத்து அறுவைக்குப் பின் சில மணி நேரங்களில், அல்லது முதல் சில நாட்களில் வருவது. தமனிக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். இது நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதனினும் குறைவானவர்களுக்கே நேர்கிறது. நன்றாக வந்துகொண்டிருந்த சிறுநீர் திடீரென நின்றுபோவதுதான் அறிகுறி. வலி இருக்காது. புதிய சிறுநீரகத்திற்கு நரம்புத் தொடர்பு இல்லாததால் அது கத்தக்கூட முடியாத குழந்தையைப் போன்றது. உடனே படுக்கையருகே டாப்ளர் ஸ்கேன் செய்து, இரத்த ஓட்டம் இல்லையென்றால் நேரே அறுவை அரங்கிற்குக் கொண்டுபோக வேண்டும். நிமிடக் கணக்கு இது. உடல் வெப்பத்தில் இரத்தமின்றிக் கிடக்கும் சிறுநீரகம் ஒரு மணி நேரத்திற்குள் மீளமுடியாத சேதம் அடையத் தொடங்கிவிடும். உண்மையைச் சொன்னால், இந்த நிலைக்குப் போன பெரும்பாலான சிறுநீரகங்களைக் காப்பாற்ற முடிவதில்லை. எனவே இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் மணிக்கொரு முறை சிறுநீரின் அளவைக் குறித்துவைப்பது ஏதோ சடங்கு அல்ல என்பதை நோயாளியின் உறவினர்களும் அறிந்திருப்பது நல்லது.

நான்கில் ஒரு பங்குச் சிறுநீரகங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் உண்டு. அவற்றில் கீழ்முனைக்குச் செல்லும் சிறிய தமனி அடைபட்டால், சிறுநீரகம் பிழைத்தாலும் சிறுநீர்க் குழாய் அழுகிக் கசியக்கூடும். சிறுநீரகத்தில் ஊசி செலுத்திச் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்சி சோதனையின்போது தமனியும் சிரையும் அருகருகே காயம்பட்டு ஒன்றோடொன்று திறந்துகொள்வதும் உண்டு. அதில் பெரும்பாலானவை தாமாகவே மூடிவிடும். மூடாமல் இரத்தம் கசிந்தால், குழாய்வழியாக நுண்கம்பிச் சுருளைக் கொண்டுபோய் அந்த இடத்தை மட்டும் அடைத்துவிடுகிறார்கள். தையல் போட்ட இடத்தில் கிருமி தொற்றித் தமனிச் சுவர் பலூன்போல் வீங்குவது அரிது. ஆனால் அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், சிறுநீரகத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுக்க வேண்டிய நிலைகூட வரும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாக வருவதும், இக்கட்டுரையின் மையமாக இருப்பதும் வேறொன்று. தமனி மெல்ல மெல்லச் சுருங்குவது. பொதுவாக அறுவைக்குப் பிந்தைய மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இது தலைகாட்டும். தையல் இட்ட இடத்தில் தழும்பு தடித்துப்போவது, உறுப்பை எடுக்கும்போது தமனி இழுபடுவது, தமனி நீளமாக இருந்து மடங்கிக்கொள்வது, கொடையாளரிடமோ பெறுபவரிடமோ முன்பே இருந்த கொழுப்புப் படிவு, சில வைரஸ் தொற்றுகள் என்று காரணங்கள் பல. எத்தனை பேருக்கு வருகிறது என்ற கேள்விக்கு மருத்துவ ஆய்வுகள் தரும் விடை வியப்பூட்டுகிறது. நூற்றில் ஒருவருக்கு என்கிறது ஒரு கணக்கு. நூற்றில் 23 பேருக்கு என்கிறது மற்றொன்று. ஏன் இத்தனை வேறுபாடு? நோயாளிகளின் வேறுபாடு ஓரளவுதான். யார் தேடிப் பார்க்கிறார்களோ அவர்கள் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதே பெரிய காரணம். தேடாத இடத்தில் நோய் இல்லை என்று பொருளல்ல.

தமனி சுருங்கினால் ஏன் இரத்த அழுத்தம் எகிறுகிறது? 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் சிறுநீரகத் தமனியில் ஒரு கவ்வியைப் பொருத்தி இறுக்கிக் காட்டினார். உடனே அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. தனக்கு வரும் இரத்தம் குறைந்தவுடன் சிறுநீரகம், உடல் முழுவதற்கும் இரத்தம் போதவில்லை என்று தவறாக எண்ணிவிடுகிறது. கால்வாயின் கடைமடையில் இருக்கும் விவசாயி, இடையில் மதகு அடைபட்டிருப்பது தெரியாமல், அணையில் தண்ணீர் இல்லை என்று எண்ணி மேலும் திறந்துவிடச் சொல்வதைப் போன்றது இது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து, உடலெங்கும் உள்ள குழாய்களை இறுக்கச் செய்து, உப்பையும் நீரையும் தேக்கிவைக்கச் சொல்கிறது. நலமாக உள்ள மனிதருக்கு ஒரு பக்கம் இப்படி ஆனாலும் மறுபக்கச் சிறுநீரகம் ஓரளவு ஈடுகட்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு வேலை செய்வது ஒன்றே ஒன்று. தேங்கிய நீரை வெளியேற்ற வேறு வழி இல்லை. கால் வீங்கும். சிலருக்கு நள்ளிரவில் திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு எப்படியும் இரத்த அழுத்தம் இருக்கும். அவர்கள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளே அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. ஆகவே பிரஷர் ஏறினால் யாரும் அதிர்ச்சியடைவதில்லை. ஒரு மாத்திரை இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. கிரியேட்டினின் அளவும் கூடினால், உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கிறதோ என்ற ஐயம் முதலில் எழும். அது நியாயமான ஐயம்தான். ஆனால் அதை உறுதிசெய்யாமலேயே ஸ்டீராய்டு ஊசி கொடுக்கப்பட்டால் அழுத்தம் இன்னும் ஏறும். சுருங்கிய தமனியோ சுருங்கியபடியே இருக்கும்.

இன்னொரு கண்ணி. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் ஆகியவை நம் ஊர் மருந்துக்கடைகளில் அன்றாடம் விற்பனையாகும் நல்ல மருந்துகள். ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தின் தமனி சுருங்கியிருக்கும்போது இவற்றைத் தொடங்கினால், வடிகட்டும் அழுத்தம் சரிந்து, சில நாட்களிலேயே கிரியேட்டினின் வேகமாக உயரலாம். மருந்தை நிறுத்தினால் அளவு இறங்கும். இது ஒரு தீமைபோல் தோன்றினாலும் உண்மையில் ஒரு முக்கியமான துப்பு. புதிய பிரஷர் மாத்திரை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்தால் மட்டுமே இந்தத் துப்பு கைக்குக் கிடைக்கும். ஊரில் உள்ள மருத்துவர் மாத்திரையை எழுதிக்கொடுக்க, நோயாளி மூன்று மாதம் கழித்துத்தான் நகரத்து மருத்துவமனைக்குப் போகிறார் என்றால், துப்பும் போகும், சிறுநீரகமும் போகும்.

கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் மாயமல்ல. அடிவயிற்றில் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சில வேளைகளில் 'உஸ்' என்ற ஓசை கேட்கும். அது இருந்தால் நோய் உண்டு என்றோ, இல்லாவிட்டால் இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுப் பார்க்க ஒரு காசும் செலவில்லை. அடுத்தது டாப்ளர் ஸ்கேன். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிட்டு அடிப்பதுபோல, சுருங்கிய இடத்தில் இரத்தம் மிகுந்த வேகத்துடன் பாயும். அந்த வேகத்தை ஒலியலை கொண்டு அளக்கலாம். வினாடிக்கு 250, 300 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஐயம் வலுக்கிறது. ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, சாயமருந்து இல்லை. செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து முடிவு மாறக்கூடும் என்பது ஒரு குறை. உறுதிசெய்ய ஆஞ்சியோகிராம் தேவை. சாயமருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் உண்டு. அதனால் சாயத்தின் அளவைக் குறைத்தோ, அதற்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் செலுத்தியோ படம் எடுக்கும் முறைகள் வந்துள்ளன.

சிகிச்சையைப் பொறுத்தவரை எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. சுருக்கம் சிறிதாக இருந்து, அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்பட்டு, கிரியேட்டினினும் நிலையாக இருந்தால், மருந்தோடு காத்திருந்து டாப்ளரில் கண்காணிப்பதே போதும். சுருக்கம் கடுமையாக இருந்து, அழுத்தம் அடங்காமல், சிறுநீரகச் செயல்பாடு இறங்கிக்கொண்டே வந்தால், பலூன் சிகிச்சைதான் முதல் தேர்வு. 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் என்ற மருத்துவர் இதயத் தமனியில் செய்து காட்டிய அதே முறை. அடுத்த ஆண்டே அவர் அதைச் சிறுநீரகத் தமனிக்கும் பயன்படுத்தினார். தொடையிலோ கையிலோ ஊசித்துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் பலூனை ஊதி விரித்து, தேவையானால் வலைபோன்ற ஸ்டென்ட்டைப் பொருத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பலூன் மட்டும் பயன்படுத்தினால் மீண்டும் சுருங்கும் வாய்ப்பு அதிகம். ஸ்டென்ட் அதைக் குறைக்கிறது. அதன்பின் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளைச் சொன்ன காலம்வரை விடாமல் உட்கொள்ள வேண்டும்.

அறுவைத் திருத்தம் கடைசி வழி. தழும்பு மண்டிய இடத்தை மீண்டும் திறந்து தமனியைப் பிரித்தெடுப்பது கடினமான வேலை. அதில் சிறுநீரகத்தையே இழக்கும் வாய்ப்பு கணிசமானது. பலூன் தோல்வியடைந்தால், அல்லது தமனி முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டுமே அதற்குப் போவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். முதுமையில் கொழுப்புப் படிந்து சொந்தச் சிறுநீரகத்தின் தமனி சுருங்கியவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதால் மருந்தைவிடக் கூடுதல் பயன் இல்லை என்று 2009இலும் 2014இலும் வெளியான இரு பெரிய ஆய்வுகள் காட்டின. அதற்கு முன் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோருக்குத் தாராளமாக ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தது. எனவே "ஸ்கேனில் சுருக்கம் தெரிகிறது, உடனே ஸ்டென்ட்" என்று அவசரப்படுத்தும் வணிகப் போக்கை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கத் தேவையில்லை. அதே வேளையில், அந்த ஆய்வுகளின் முடிவை ஒற்றை மாற்றுச் சிறுநீரகத்தின்மீது அப்படியே ஏற்றிச் சொல்வதும் சரியல்ல. அங்கே நோயின் தன்மையும் வேறு, இழப்பின் அளவும் வேறு. மாற்றுச் சிறுநீரகத்தில் உரிய நேரத்தில் தமனி விரிக்கப்பட்டதும் அழுத்தம் இறங்கி, கிரியேட்டினின் பழைய நிலைக்கு வருவதை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

இப்போது நம் சமூகத்தின் பக்கம் திரும்புவோம். தமிழகத்தில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைகளும் சிறுநீரக மாற்று செய்துகொள்ள முடிகிறது. இது பல மாநிலங்கள் பார்த்துப் பொறாமைப்படத்தக்க சாதனை. ஆனால் கடற்கரைக் கிராமத்திலிருந்தோ மலையடிவாரத்திலிருந்தோ ஒருவர் சென்னைக்கோ மதுரைக்கோ மாதந்தோறும் வந்துபோகும் பேருந்துச் செலவும், துணைக்கு வரும் மனைவியின் ஒரு நாள் கூலியும் எந்தக் காப்பீட்டிலும் அடங்குவதில்லை. முதல் ஆறு மாதம் தவறாமல் வருவார். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பின்பு மாத்திரை தீர்ந்தால் மட்டும். தமனி சுருங்கத் தொடங்கும் காலமும், வருகை குறையத் தொடங்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இது நோயாளியின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுக் கைகழுவுவது எளிது. அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில் அதை அலட்சியம் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

இதில் இன்னொருவரின் உடலும் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் பொருத்தப்படும் சிறுநீரகங்களில் பெரும்பாலானவை இறந்தவர்களிடமிருந்து அல்ல, உயிரோடிருக்கும் உறவினர்களிடமிருந்தே வருகின்றன. 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உறுப்பு கொடுத்த உயிருள்ள கொடையாளர்கள் 56,509 பேரில் 36,038 பேர் பெண்கள். தாயும் மனைவியும் சகோதரியும்தான் அந்த எண்ணிக்கை. கணவனுக்குச் சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, தன் வயிற்றுத் தழும்போடு மறுபடியும் வயல் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகும் பெண்ணின் கொடை, ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுக்காததால் வீணாகிறது என்றால், அதை வெறும் மருத்துவச் சிக்கல் என்று எப்படிச் சொல்வது?

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் இடைத்தரகர்களால் விலைபேசப்பட்ட விவகாரம் வெளிவந்தபோது நாம் அனைவரும் அதிர்ந்தோம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கடன்பட்ட ஏழையின் உடல் சந்தைக்கு வருகிறது. அச்செய்திகளில் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. பொய்யான உறவுச் சான்றோடு நடக்கும் அறுவையில், கொடுத்தவரை அதன்பின் யார் பரிசோதிக்கப் போகிறார்கள்? மீதமுள்ள ஒரு சிறுநீரகத்தோடு வாழும் அவருக்கும் ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப்பட வேண்டும். பணம் கைமாறியவுடன் உறவும் முடிந்துவிடும் சந்தையில் அதற்கு இடமில்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், உறுப்புக் கொடையை உண்மையான அன்புச் செயலாகப் போற்றியதோடு, உறுப்பை வணிகப் பொருளாக்குவது மனித மாண்புக்கு எதிரானது என்றும் தெளிவுபடுத்தினார். கொடை என்று ஒன்றை நாம் அழைத்தால், பெற்றுக்கொண்ட பின் அதைப் பேணுவதும், கொடுத்தவரைப் பேணுவதும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியவை.

என்ன செய்யலாம்? 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்குத் தேவையான திரவப் பைகளையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதே பணியாளர்களின் பட்டியலில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களையும் கொடையளித்தவர்களையும் தனியே சேர்ப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாற்றுச் சிறுநீரகத்தின் தமனியை டாப்ளரில் பார்க்கத் தெரிந்த ஒருவரையாவது பயிற்றுவிக்கலாம். பலூன் சிகிச்சைக்கு நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் போக வேண்டியவர் யார் என்பதை மாவட்டத்திலேயே அறிந்துவிடலாம்.

பங்குகளில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையினர் பல ஊர்களில் நோயாளிகளின் மருந்துச் செலவுக்கு உதவுகிறார்கள். அறுவைக்கு நிதி திரட்டும்போது காட்டும் வேகம், இரண்டாம் ஆண்டின் பேருந்துக் கட்டணத்திற்கும் நீடித்தால் நன்று. செவிலியர்களான அருள்சகோதரிகள் உள்ள இடங்களில், அன்பியக் கூட்டங்களின்போது பிரஷர் பார்த்துக் குறித்துக்கொடுப்பதும் எளிதான பணி. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு 130க்கு 80 என்பதே எட்ட வேண்டிய இலக்கு என உலக அளவிலான வழிகாட்டுதல் கூறுகிறது. மூன்று மாத்திரைக்குப் பின்னும் அழுத்தம் அதைவிட வெகுவாக மேலே நின்றால் "மாத்திரையைக் கூட்டுங்கள்" என்பதற்கு முன் "தமனியைப் பார்த்தீர்களா?" என்று கேட்கும் துணிவை நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். நம் மக்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். கையில் ஒரு காகிதம் இருந்தால் அந்தத் தயக்கம் குறையும்.

அந்தக் காகிதம் ஓர் அட்டையாகவே இருக்கட்டும். அறுவை நடந்த தேதி, சிறுநீரகம் வலப்பக்கமா இடப்பக்கமா, எத்தனை தமனிகள், அவை எந்தக் குழாயோடு தைக்கப்பட்டன, வீடு திரும்பிய அன்று கிரியேட்டினின் எவ்வளவு, முதல் டாப்ளரில் கண்ட வேகம் எவ்வளவு, இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் எவை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எது. இவ்வளவுதான். இந்த விவரங்கள் எல்லாம் இன்று மருத்துவமனையின் தடித்த கோப்புக்குள் இருக்கின்றன. கால் வீக்கத்தோடு இரவு பதினோரு மணிக்கு ஊர் மருத்துவரிடம் போய் நிற்கும் நோயாளியின் சட்டைப்பையில் இல்லை. ஒரு முறை பெற்ற சிறுநீரகத்தை இழந்தவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் பெருகிவிடுவதால், இரண்டாவதாகப் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது முதல் முறையைவிடக் கடினம். அவர் மீண்டும் காத்திருப்போர் பட்டியலின் வரிசையில் நிற்கிறார். அவருடைய மனைவியிடம் கொடுக்க இன்னொரு சிறுநீரகம் இல்லை.